கோடிட்ட இடம் கேட்பது என்ன?

'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்ற கட்டளையைப் பார்க்காமல் பள்ளியை விட்டு வெளியே வந்தவர் யாரும் இருக்க முடியாது. வினாத்தாளில் சுலபமான பகுதி அதுதான். பாடப் புத்தகத்தில் இருந்த வரி அப்படியே வந்திருக்கும். ஒரு சொல் மட்டும் காணாமல் போயிருக்கும். நினைவிருந்தால் மதிப்பெண், இல்லாவிட்டால் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து அதே கோடு பட்டதாரியின் முன்னால் மறுபடியும் வந்து நிற்கிறது. இந்த முறை வங்கி அதிகாரி தேர்விலோ, மத்திய அரசு அலுவலகங்களுக்கான எஸ்.எஸ்.சி. தேர்விலோ, கம்ப்யூட்டர் திரையில், ஆங்கிலத்தில். பார்வைக்கு அதே கோடுதான். ஆனால் இந்த வாக்கியம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. கொடுக்கப்பட்ட நான்கைந்து விடைகளும் தெரிந்த சொற்களாகவே இருக்கின்றன. நான்கும் பொருந்துவது போலவே தோன்றுகின்றன. பள்ளியில் முழு மதிப்பெண் வாங்கிய மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

தடுமாற்றத்தின் விலை அதிகம். ஐ.பி.பி.எஸ். நடத்தும் வங்கி அதிகாரி முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள், 20 நிமிடம். கேள்விக்கு 40 விநாடி. தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் குறையும். ஆங்கிலத்தில் தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் வாங்கியாக வேண்டும். கணக்கில் புலியாக இருப்பது அதற்கு ஈடாகாது. எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வின் முதல் கட்டத்தில் 100 கேள்விகளுக்கு 60 நிமிடம். அதில் 25 கேள்விகள் ஆங்கிலம். பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் தேர்வை ஆங்கிலம், இந்தி தவிர தமிழ் உள்பட 13 பிராந்திய மொழிகளிலும் நடத்த மத்திய நிதி அமைச்சகம் 2021-ல் முடிவு செய்தது. பெரிய நிம்மதிதான். ஆனால் ஆங்கிலப் பகுதி ஆங்கிலத்தில்தானே இருக்க முடியும்? தாய்மொழியில் படித்துவிட்டு வருபவருக்கு அந்தக் கதவு இன்னமும் குறுகலாகத்தான் இருக்கிறது.

இந்தப் பயத்தை நம்பி ஒரு வியாபாரமே நடக்கிறது. டெல்லி முகர்ஜி நகரிலும் பாட்னாவின் முசல்லாபூரிலும் ஆந்திராவின் நந்தியாலிலும் பயிற்சி நிலையங்களை ஒட்டிய கடைகளில் சொற்பட்டியல் புத்தகங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரே ஒரு சொல் அர்த்தம். ஒரு நாளைக்கு ஐம்பது சொற்கள் என்று கணக்கு வைத்து உருப்போடுகிறார்கள் மாணவர்கள். ஆறு மாதம் கழித்துத் தேர்வு அறையில் போய் உட்கார்ந்தால், வருவது பட்டியலில் இருந்த சொல்தான். ஆனால் அது அந்த வாக்கியத்துக்குள் உட்காருமா என்பது மட்டும் தெரிவதில்லை.

காரணம் எளிது. கோடிட்ட இடம் சோதிப்பது சொல்லறிவை மட்டுமல்ல. வாக்கியம் எந்தத் திசையில் போகிறது என்பதை வாசிப்பவர் பிடித்துவிட்டாரா என்பதையே முதலில் சோதிக்கிறது. அதன் வரலாறே இதைச் சொல்லும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய உளவியல் அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸிடம் ஒரு கேள்வி வந்தது. இன்று போலந்தில் இருக்கும், அன்று ஜெர்மனியைச் சேர்ந்த பிரஸ்லாவ் நகரில், காலையிலிருந்து தொடர்ச்சியாக ஐந்து மணி நேரம் வகுப்பு நடத்தினால் பிள்ளைகள் களைத்துப் போகிறார்களா என்று பார்க்க வேண்டும். அவர் வைத்த மூன்று சோதனைகளில் ஒன்று, சொற்களும் அசைகளும் விட்டுப் போன ஒரு பத்தியை நிரப்பச் சொல்வது. எண்களை நினைவில் வைத்துச் சொல்வது, கணக்குப் போடுவது ஆகிய மற்ற இரண்டையும் விட, வகுப்பில் யார் கெட்டிக்காரர் என்பதோடு நன்றாகப் பொருந்தி வந்தது இந்த நிரப்பும் சோதனைதான். சிதறிக் கிடப்பவற்றை ஒன்று சேர்த்து முழுமையாகப் பார்க்கும் திறமை அதில் வெளிப்பட்டது.

1953-ல் அமெரிக்காவில் வில்சன் டெய்லர் என்ற இதழியல் ஆய்வாளர் இதையே வேறு வேலைக்குப் பயன்படுத்தினார். ஒரு கட்டுரை வாசகருக்குப் புரியும்படி இருக்கிறதா என்று அளக்க, குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு சொல்லாக நீக்கிவிட்டு, படிப்பவரையே நிரப்பச் சொன்னார். எத்தனை சொற்கள் சரியாகத் திரும்பி வருகின்றனவோ அந்த அளவுக்குக் கட்டுரை தெளிவானது. இதற்கு அவர் வைத்த பெயர்தான் இன்று எல்லாத் தேர்வுகளிலும் அடிபடும் 'க்ளோஸ் டெஸ்ட்'. விடுபட்ட வளையத்தை மனம் தானாகவே மூடிப் பார்க்கும் என்ற கருத்திலிருந்து பிறந்த பெயர் அது.

டெய்லரின் முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதில் நான்கு விடைகள் கிடையாது. வாசிப்பவர் தன் மனத்திலிருந்தே சொல்லை எடுத்தாக வேண்டும். விடைகளைப் பட்டியல் போட்டுக் கொடுப்பது திருத்துவதற்கு வசதியாகத் தேர்வு நடத்துபவர்கள் சேர்த்துக்கொண்ட ஏற்பாடு. அந்த நான்கு விடைகளில் ஒன்று உதவிக்கு இருக்கிறது. மற்ற மூன்றும் திசை திருப்புவதற்காகவே யோசித்துப் போடப்பட்டவை. முதலில் விடைகளைப் படித்துவிட்டுப் பிறகு வாக்கியத்துக்கு வருபவர், தானே போய் வலையில் விழுகிறார்.

எனவே கெட்டிக்கார மாணவர்கள் செய்வது இதுதான். விடைகளைப் பார்ப்பதற்கு முன் வாக்கியத்தை முழுதாகப் படிக்கிறார்கள். கோட்டில் என்ன வர வேண்டும் என்று ஒரு சொல்லை மனத்துக்குள் போட்டுப் பார்க்கிறார்கள். அந்தச் சொல் ஆங்கிலமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, தமிழிலேயே இருக்கலாம். அதற்குப் பிறகுதான் அந்த அர்த்தத்துக்குப் பக்கத்தில் வரும் விடையைத் தேடுகிறார்கள்.

ஒரு உதாரணம். 'தலைவரின் பேச்சு நீளமாக இருந்தாலும் அதில் விஷயம் டேஷ்' என்று ஒரு ஆங்கில வாக்கியம். விடைகள்: அபண்டன்ட், லெங்த்தி, மீகர், பாப்புலர். பேச்சு என்றதும் 'லெங்த்தி' கண்ணில் படும். 'நீளம்' என்பதற்கு அது சொந்தக்காரச் சொல். 'பாப்புலர்' தலைவருக்குப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே 'ஆல்தோ' என்று வழிகாட்டிப் பலகை நிற்கிறது. நீளம் ஒரு பக்கம் என்றால், அதற்கு எதிரானது மறுபக்கம் வர வேண்டும். 'குறைவு' என்று மனம் சொல்லும். குறைவுக்கு இருக்கும் ஒரே சொல் 'மீகர்'. அதே வாக்கியத்தில் 'ஆல்தோ'வை எடுத்துவிட்டு நடுவில் 'அண்ட்' போட்டால் விடை 'அபண்டன்ட்' ஆகிவிடும். இரண்டிலும் கோடு அதே இடத்தில்தான் இருக்கிறது. பலகை மாறியதும் பாதை மாறிவிட்டது.

இந்தப் பலகைகள் மொத்தமே இரண்டு மூன்று டஜன்தான். 'ஆல்தோ', 'டிஸ்பைட்', 'எட்', 'ஹவ்எவர்' எல்லாம் திரும்பு என்பவை. 'மோர்ஓவர்', 'நாட் ஒன்லி - பட் ஆல்ஸோ' அதே பாதையில் போ என்பவை. 'தேர்ஃபோர்', 'ஹென்ஸ்' காரணத்திலிருந்து விளைவுக்கு அழைத்துப் போகின்றன. 'ஹார்ட்லி'யும் 'அன்லெஸ்'ஸும் உள்ளேயே ஒரு 'இல்லை'யை மறைத்து வைத்திருக்கும் சொற்கள். 'ஹார்ட்லி' என்பதைக் 'கடினமாக' என்று எடுத்துக்கொள்பவர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு ஆண்டும் குறையாமல் இருக்கிறது. அரைப்புள்ளிக்கும் முக்கால் புள்ளிக்கும் கூட வேலை உண்டு; பின்னால் வருவது பெரும்பாலும் முன்னால் சொன்னதற்கு விளக்கம். ஆயிரம் சொற்களை மனப்பாடம் செய்வதை விட இந்த முப்பது சொற்களை நன்றாகத் தெரிந்துகொள்வது லாபம்.

இரண்டு கோடுகள் உள்ள வாக்கியத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 'நிறுவனத்தின் வருமானம் டேஷ். இருந்தும் பங்குதாரர்களுக்குத் தரும் தொகையை அது டேஷ் இல்லை.' விடைகள் இரட்டை இரட்டையாக வரும்: ரோஸ் - ரெட்யூஸ், ஃபெல் - இன்கிரீஸ், ஃபெல் - ரெட்யூஸ். வருமானம் கூடியதா, குறைந்ததா என்று முதல் கோட்டை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள 'இருந்தும்' என்பதே சாவி. வருமானம் குறைந்தது, இருந்தும் தொகையைக் குறைக்கவில்லை - மூன்றாவது ஜோடிதான் நிற்கிறது. இப்படிப்பட்ட கேள்விகளில் எந்தக் கோடு சுலபமோ அதில் தொடங்குவதுதான் அனுபவசாலிகளின் வழக்கம். ஒரு கோட்டில் பொருந்தாத ஜோடியை மறு கோட்டில் வைத்துப் பார்க்கத் தேவையே இல்லை. அமெரிக்காவில் மேல்படிப்புக்கான ஜி.ஆர்.ஈ. தேர்வு 2011-லிருந்து இந்தக் குறுக்கு வழியையும் அடைத்துவிட்டது. அங்கே மூன்று கோடுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மூன்று விடைகள். மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண்; குருட்டாம்போக்கில் குறித்தால் 27-ல் ஒரு வாய்ப்பு.

வாக்கியத்தின் போக்கைப் பிடித்த பிறகு வருவது சொற்களின் உறவு. இங்கே ஒவ்வொரு தாய்மொழியும் தனக்கென்று சில குழிகளை வெட்டி வைத்திருக்கிறது. தமிழில் 'கணக்கில் கெட்டி' என்பதால் 'குட் இன்' என்று கை போகும். தேர்வு எதிர்பார்ப்பது 'குட் அட்'. 'காபியை விட டீ பிடிக்கும்' என்பதில் உள்ள 'விட', 'ப்ரிஃபர்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'தேன்' போட வைக்கும். வர வேண்டியது 'டு'. 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்' எல்லாவற்றுக்கும் அதே 'டு'தான். 'அதைப் பற்றி விவாதித்தார்கள்' என்ற பழக்கத்தில் 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின்னால் ஒரு 'அபௌட்' ஒட்டிக்கொள்ளும். அந்தச் சொல்லுக்கு எந்தத் துணையும் வேண்டாம். 'என்னதான் இருந்தாலும், ஆனால்' என்று இரட்டையாகப் பேசும் வழக்கம் 'ஆல்தோ'வுக்குப் பின்னால் ஒரு 'பட்' போட வைக்கும். தமிழில் 'அரிது' என்ற ஒரு சொல்லே போதும். ஆங்கிலத்தில் கிணறு வற்றிய ஊரில் தண்ணீர் 'ஸ்கேர்ஸ்', எங்கோ ஒன்றிரண்டு மட்டும் இருக்கும் பழங்கால நாணயம் 'ரேர்'. பட்டியல் புத்தகத்தில் இரண்டுக்கும் எதிரே ஒரே அர்த்தம்தான் இருக்கும்.

ஆனால் தாய்மொழி குழி மட்டும் வெட்டுவதில்லை. கை கொடுக்கவும் செய்கிறது. இந்தியில் 'மூன்று ஆண்டுகளாக', '1998-லிருந்து' இரண்டுக்கும் 'ஸே' என்ற ஒரே உருபுதான். அதனால்தான் இந்தி வழியில் படித்தவர்களைச் 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்ற பிழை விடாமல் துரத்துகிறது. தமிழில் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. 'ஆக' என்று முடிந்தால் 'ஃபார்'; 'முதல்' என்றோ 'இருந்து' என்றோ முடிந்தால் 'சின்ஸ்'. தமிழில் ஒரு முறை சொல்லிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

'எ', 'ஆன்' குழப்பத்திலும் தமிழ் எழுத்து நல்ல உதவியாளர். ஆங்கில எழுத்தைப் பார்க்காமல் உச்சரிப்பைப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். உச்சரிப்பைத் தமிழில் எழுதிப் பார்த்தால் போதும். 'யுனிவர்சிட்டி' என்று எழுதினால் முதலில் நிற்பது யகரம், எனவே 'எ'. 'எம்.எல்.ஏ.' உயிரெழுத்தில் தொடங்குகிறது; எனவே 'ஆன்'. மணியைக் குறிக்கும் 'அவர்', நேர்மையைக் குறிக்கும் 'ஆனஸ்ட்' இரண்டும் எழுத்தில் வேறு மாதிரி இருந்தாலும் காதில் உயிரெழுத்துதான். 'ஒன்' என்று தமிழில் எழுதப்படும் எண் மட்டும் ஏமாற்றும். அதன் ஒலி 'வன்' என்பதால் அதற்கு முன் 'எ'தான் வரும். ஆங்கிலம் தெரியாததற்குத் தமிழ்வழிக் கல்விதான் காரணம் என்று புலம்புகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

எல்லாம் முயன்றும் விடை தெரியாவிட்டால்? குறிக்கலாமா, விடலாமா என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஐந்து விடைகளும் கால் மதிப்பெண் கழிவும் உள்ள தாளில், கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவர் நீண்ட ஓட்டத்தில் சம்பாதிப்பது பூஜ்யம். ஐந்து கேள்விகளில் ஒன்று சரியாகி ஒரு மதிப்பெண் வரும். நான்கு தவறாகி அந்த ஒன்றும் போய்விடும். ஆனால் இரண்டு விடைகள் நிச்சயமாகப் பொருந்தாது என்று தள்ளிவிட்டால் நிலைமை மாறுகிறது. மிச்சமுள்ள மூன்றில் ஒன்றைக் குறித்தால், சராசரியாகக் கேள்விக்கு ஆறில் ஒரு பங்கு மதிப்பெண் லாபம். மூன்றைத் தள்ளிவிட்டால் எட்டில் மூன்று பங்கு. தள்ளுவதற்குப் பெரிய புலமை தேவையில்லை. கோட்டுக்கு முன்னால் 'ஆன்' இருந்தால் மெய்யொலியில் தொடங்கும் சொற்கள் வெளியே. பெயர்ச்சொல் வர வேண்டிய இடத்தில் வினைச்சொல் இருந்தால் அதுவும் வெளியே. 'டிஸ்பைட்' என்பதற்குப் பின்னால் பெயர்ச்சொல் வரும், முழு வாக்கியம் வராது என்று தெரிந்தால் 'ஆல்தோ'வா 'டிஸ்பைட்'டா என்ற சண்டை தீர்ந்துவிடும்.

இத்தனைக்கும் பயிற்சி எங்கே கிடைக்கும்? காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஒரு ஆங்கில நாளிதழின் தலையங்கம், கறுப்பு மை, ஒரு நண்பர் போதும். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு தலையங்கத்தில் ஏழாவது சொல், பதினான்காவது சொல் என்று வரிசையாக அடித்துவிட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். அடித்த இடங்களை யோசித்து நிரப்பிவிட்டு மூலத்தோடு ஒப்பிட வேண்டும். டெய்லர் செய்ததும் இதுதான். எந்தச் சொல் தவறியதோ அதைத் தனியாக எழுதாமல், அதன் இரு பக்கத்துச் சொற்களோடு சேர்த்து நோட்டில் எழுதி வைத்தால் அது வாக்கியத்தோடு நினைவில் நிற்கும். அடுத்த முறை தேர்வில் வரும்போது அதற்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பது தானாகவே தெரியும். முதல் வாரத்தில் பாதிக்கு மேல் தவறினாலும் கவலைப்படத் தேவையில்லை. மூலத்தில் இருந்த சொல்லுக்குப் பதிலாக அதே அர்த்தமுள்ள வேறு சொல் எழுதியிருந்தால் அதுவும் வெற்றிதான். வாக்கியம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தக் கேள்வி முறை நியாயமானதுதானா என்ற சர்ச்சையும் இல்லாமல் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான எஸ்.ஏ.டி. தேர்வு 2016-ல் வாக்கியம் நிரப்பும் கேள்விகளைக் கைவிட்டது. யாரும் பயன்படுத்தாத சொற்களை உருப்போட வைக்கிறது என்ற விமர்சனமே அதற்குப் பின்னணி. ஆனால் 2023-ல் அந்தத் தேர்வு வெளிநாடுகளில் கம்ப்யூட்டருக்கு மாறியபோது கோடு திரும்பி வந்துவிட்டது - ஒற்றை வாக்கியத்தில் அல்ல, ஒரு சிறு பத்திக்குள். இந்தியாவிலும் காற்று அதே பக்கம்தான் வீசுகிறது. 2022-லிருந்து மேலாண்மைப் படிப்புக்கான கேட் தேர்வில் சொல்லுக்குப் பதில் ஒரு வாக்கியத்தையே எடுத்துவிட்டு, பத்தியில் அது எங்கே பொருந்தும் என்று கேட்கிறார்கள். சொற்பட்டியல் புத்தகம் அங்கே முற்றிலும் உதவாது.

நான்கு சொற்களில் ஒன்றைச் சரியாகக் குறித்தவர் வங்கிக்கு வரும் வாடிக்கையாளருக்கு நல்ல கடிதம் எழுதிவிடுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லைதான். லட்சக்கணக்கானவர்களைச் சில நாட்களில் சலித்து எடுக்க வேண்டிய நாட்டில் சல்லடையின் கண்கள் அப்படித்தான் இருக்கும். அந்தச் சல்லடையில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் சுலபமாக மேலே நிற்பதற்குக் காரணம், அவர்கள் அதிகம் சொற்களை மனப்பாடம் செய்ததல்ல. சிறு வயதிலிருந்து ஆங்கிலத்தில் கதையும் செய்தியும் வாசித்ததுதான். அந்த வாசிப்பைத் தாமதமாகத் தொடங்கினாலும் ஈடு கட்ட முடியும். ஈடு கட்டவே முடியாதது, வாசிக்க வேண்டிய ஆறு மாதத்தைப் பட்டியலுக்குக் கொடுத்துவிட்டுத் தேர்வு அறைக்குப் போவது.